ஜிபிஎஸ் இல்லாத போட்டோ எங்க எடுத்ததுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

பழைய டிஜிட்டல் கேமராவுல எடுத்து ஹார்ட் டிஸ்க்ல கிடக்குற படம், சித்தப்பா வாட்ஸ்அப்ல அனுப்புனது, ஆல்பத்துல இருந்து ஸ்கேன் பண்ணுன பிரிண்ட் இப்படி எல்லார் வீட்லயும் ஒரு குவியல் இருக்கும். எதுலயும் இடம் பதிவாகியிருக்காது. அதை எப்படி உட்கார்ந்து கண்டுபிடிக்கிறதுன்னு இதுவரைக்கும் செஞ்சே பார்க்காதவங்களுக்காக எழுதுறேன். பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேணாம், ஒரு கம்ப்யூட்டர், நெட், கொஞ்சம் பொறுமை, அவ்ளோதான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கங்க. படத்துல தெரியிற எல்லாத்தையும் ரெண்டா பிரிங்க, நகர்ற பொருள், நகராத பொருள். கார், லாரி, ரயில் இன்ஜின், டீ-ஷர்ட்ல இருக்கிற காலேஜ் பேரு, கையில இருக்கிற ஜவுளிக்கடை பை எல்லாம் நகர்றது, எங்க இருந்து வேணாலும் வந்திருக்கலாம். மைல்கல், ஸ்டேஷன் போர்டு, தண்ணி டேங்க், கோபுரம், மலை நகராது. நகர்ற பொருளை வச்சு எந்தப் பக்கம் தேடலாம்னு ஒரு ஐடியா எடுத்துக்கலாம், ஆனா இடத்தை உறுதி பண்றது நகராத பொருளை வச்சு மட்டும்தான், அதுவும் ஒன்னுக்கொன்னு சம்பந்தமில்லாத ரெண்டு தடயமாவது ஒத்துப்போகணும்.

முதல் வேலை: ஒரிஜினல் ஃபைலைத் தேடுங்க

வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்புனா அதுல இருக்கிற இடம், தேதி விவரம் எல்லாம் போயிடும், டாக்குமென்ட்டா அனுப்புனா அப்படியே வரும். அதனால யார் எடுத்தாங்களோ அவங்ககிட்ட "டாக்குமென்ட்டா அனுப்புங்க"ன்னு ஒரு தடவை கேட்டுடுங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சாலும் முடியும். வாட்ஸ்அப் ஃபைல் பேருல இருக்கிற தேதி அது உங்களுக்கு வந்து சேர்ந்த தேதி, எடுத்த தேதி இல்லை, இதுல நிறைய பேர் ஏமாறுறாங்க. ஸ்கிரீன்ஷாட்ல எதுவுமே கிடைக்காது.

ஒரிஜினல்ல இடம் இருந்தாலும் கண்ணை மூடிட்டு நம்பாதீங்க. போன் எப்பவும் சாட்டிலைட்டை மட்டும் பார்த்து இடம் சொல்றதில்லை, பக்கத்துல இருக்கிற வைஃபை, செல்போன் டவர் வச்சும் ஊகிக்கும், கட்டடத்துக்குள்ள இருந்தா சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். பிளைட்ல இருந்து இறங்கின உடனே எடுத்த படத்துல கிளம்புன ஊரே பதிவாகியிருக்கிறதும் உண்டு.

ரெண்டாவது: பக்கத்து படங்களைப் பாருங்க

புதுசா வர்றவங்க ஒரே படத்தை வச்சு மல்லுக்கட்டுறாங்க. முன்னாடி பின்னாடி எடுத்த படங்களை வரிசையா வச்சா பல நேரம் பதில் தானா வந்துடும். டிஜிட்டல்னா ஃபைல் நம்பர் வரிசை இருக்கு. ஃபிலிம்னா நெகட்டிவ் ஓரத்துல பிரேம் நம்பர் அச்சாகியிருக்கும். 12வது பிரேம் பாம்பன், 15வது பிரேம் ராமேஸ்வரம் கோயில்னா நடுவுல இருக்கிற ரெண்டும் அந்தத் தீவுல, இல்லன்னா பாலத்துல எடுத்ததுதான், கொடைக்கானலா இருக்க வாய்ப்பில்லை. ஆல்பம் ஒட்டுனவங்க அழகுக்காக வரிசையை மாத்தியிருப்பாங்க, ஆனா நெகட்டிவ்ல வரிசை மாறாது, அதனால நெகட்டிவ் கவரைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பிரிண்ட் பின்னாடி இருக்கிற ஸ்டூடியோ சீல் கழுவுன ஊரைத்தான் சொல்லும், எடுத்த ஊரை இல்லை.

பழைய கேமராவும் போனும் சேர்த்து கொண்டுபோன டூர்னா இன்னும் சுலபம். போன் படத்துல இடமும் நேரமும் இருக்கும், கேமரா படத்துல நேரம் மட்டும் இருக்கும், ரெண்டையும் நேரத்தை வச்சுப் பொருத்திடலாம். கேமரா கடிகாரம் சரியா ஓடியிருக்கணும், அதுதான் சிக்கல். ஒரே காட்சி, உதாரணமா கேக் வெட்டுறது, ரெண்டுலயும் எடுத்திருப்பீங்க இல்ல, அந்த ரெண்டு படத்தோட நேர வித்தியாசம்தான் கேமராவோட பிழை. வித்தியாசம் சரியா 5 மணி 30 நிமிஷம்னா கேமரா கிரீன்விச் நேரத்துல இருந்திருக்கு, 2 மணி 30 நிமிஷம்னா சிங்கப்பூர் மலேசியா நேரம், 1 மணி 30 நிமிஷம்னா துபாய் நேரம், இந்த மூணும் அடிக்கடி வரும். இனிமே டூர் போனா முதல் வேலையா போன் கடிகாரத்தை கேமராவுல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

டிஜிகேம்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. போன்ல ஏதாவது வாக்கிங், சைக்கிளிங் ஆப் ஓடவிட்டு பதிவான பாதையை அதுல கொடுத்து, நேர வித்தியாசத்தையும் சொல்லிட்டா நூத்துக்கணக்கான படத்துக்கு அதுவே இடம் போட்டுடும். பாதை பதிவு இல்லன்னா கையால மேப்ல இழுத்து விடலாம்.

மூணாவது: படம் திரும்பியிருக்கான்னு பாருங்க

நெகட்டிவை, ஸ்லைடை முன்பக்கம் பின்பக்கம் மாத்தி வச்சு ஸ்கேன் பண்ணிட்டா இடது வலது மாறிடும், செல்ஃபியும் சில போன்ல கண்ணாடி மாதிரி சேமிக்கும். எழுத்து இருந்தா உடனே தெரியும். எழுத்து இல்லன்னா சேலை முந்தானையைப் பாருங்க, நம்ம கட்டுல அது இடது தோள்ல விழும், எல்லாருக்கும் வலது தோள்ல இருந்தா படம் திரும்பியிருக்கு. ஆம்பளைங்க சட்டைப் பாக்கெட் இடது பக்கம் இருக்கணும். இதைப் பார்க்காம திசை கணக்கு போட ஆரம்பிச்சா எல்லாமே தப்பாப் போகும்.

நாலாவது: எழுத்தைப் படிங்க, பெருசாக்கிப் படிங்க

நேரத்துல பெரும்பகுதி இங்கதான் செலவாகணும். ஸ்கேன் பண்ணும்போது நல்ல ரெசல்யூஷன்ல பண்ணுங்க, சின்ன பிரிண்ட்டுன்னா 600 டிபிஐக்கு குறையாம. அப்புறம் படத்தை நாலு மூலையில இருந்து ஆரம்பிச்சு பெருசாக்கி மெதுவா நகர்த்துங்க. முகத்தைப் பார்க்காதீங்க, பின்னாடி பாருங்க. மொத்த கதையும் பின்னாடிதான் இருக்கும்.

முதல்ல எந்த மொழி. தமிழ் மட்டும் பார்த்துட்டு தமிழ்நாடுன்னு முடிவு பண்ணாதீங்க. மூணாறுல தமிழ் போர்டு நிறைய, ஓசூர்ல தெலுங்கும் கன்னடமும் பார்க்கலாம். சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூணும் ஒரே போர்டுல இருந்தா இலங்கை, அதுல தமிழ் மேல இருந்தா பெரும்பாலும் வடக்கு, கிழக்கு. யாழ்ப்பாணத்துல ரோட்டுக்கு வீதின்னு எழுதியிருக்கும், கொழும்புப் பக்கம் மாவத்தை. ஜாலான்னு வந்தா மலேசியா, சிங்கப்பூர், அதே படத்துல தமிழ்ப்பள்ளி போர்டு இருந்தா மலேசியான்னு எடுத்துக்கலாம். தெலுங்கும் கன்னடமும் பழகாத கண்ணுக்கு ஒன்னு போலவே தெரியும், தெலுங்கு எழுத்து தலையில டிக் போட்ட மாதிரி ஒரு கீற்று இருக்கும், அதை வச்சுப் பிரிக்கலாம்.

எழுத்தோட வடிவம் காலத்தையும் சொல்லும். லை, ளை, னை, ணை எல்லாம் முன்னாடி யானைத் தும்பிக்கை மாதிரி வளைஞ்ச கொம்போட எழுதுவாங்க, 1978ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏத்துக்கிட்டதுக்கு அப்புறம் மெதுவா இப்ப இருக்கிற வடிவத்துக்கு வந்துச்சு. கடை போர்டுகள்ல பழைய கொம்பு ரொம்ப வருஷம் நீடிச்சுது, அதனால இதை வச்சு வருஷம் சொல்ல முடியாது, புது வடிவம் இருந்தா 70களோட கடைசிக்கு அப்புறம்னு ஒரு எல்லை போடலாம். மெட்ராஸ்னு அரசு போர்டு இருந்தா 1996க்கு முன்னாடி, இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அடுத்து போன் நம்பர், எனக்கு ரொம்பப் பிடிச்ச தடயம். கடை போர்டோட கீழ் மூலையில லேண்ட்லைன் நம்பர் போட்டிருப்பாங்க. எஸ்டிடி கோடு தெரிஞ்சா ஊர் தெரிஞ்சுது. 044 சென்னை, 0422 கோவை, 0452 மதுரை, 0431 திருச்சி, 0427 சேலம், 0462 திருநெல்வேலி, 0461 தூத்துக்குடி, 0413 புதுச்சேரி, 0423 ஊட்டி. அஞ்சு இலக்க கோடுன்னா சின்ன ஊர், 04362 தஞ்சாவூர், 04652 நாகர்கோவில். இலங்கையில 021 யாழ்ப்பாணம், 024 வவுனியா, 026 திருகோணமலை, 065 மட்டக்களப்பு, 081 கண்டி. கோடு மங்கலா இருந்தாலும் மிச்ச நம்பர் எத்தனை இலக்கம்னு எண்ணுங்க. ரொம்பப் பழைய போர்டு இல்லன்னா கோடும் நம்பரும் சேர்ந்து சைபரோட மொத்தம் 11 வரணும், அதனால 8 இலக்கம் மிச்சம் இருந்தா சென்னை மாதிரி பெரிய நகரம், 6 இலக்கம் மிச்சம் இருந்தா சின்ன ஊர். பின்கோடும் இப்படித்தான், 600 சென்னை, 605 புதுச்சேரிப் பக்கம், 625 மதுரை, 641 கோவை, 629 கன்னியாகுமரி, 67ல இருந்து 69 வரைக்கும் கேரளா.

ஒரு எச்சரிக்கை, போர்டு வேற விளம்பரம் வேற. நெடுஞ்சாலை ஓரத்து சுவர்ல பெயின்ட் அடிச்ச ஜவுளிக்கடை, நகைக்கடை, சிமென்ட் விளம்பரம் அந்த ஊர்க் கடையா இருக்கணும்னு அவசியமே இல்லை, நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். கட்டடத்து மேல, ஷட்டருக்கு மேல மாட்டியிருக்கிறது கடை போர்டு, அதை மட்டும் எடுத்துக்கங்க.

வேற எங்கயும் இவ்வளவு சுலபமா கிடைக்காத ஒன்னு நம்ம ஊர் போஸ்டரும் பிளெக்ஸும். கல்யாண பிளெக்ஸ்ல தேதி, மண்டபம், ஊர், வாழ்த்துற நண்பர்கள் பட்டியல் எல்லாமே இருக்கும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அந்தத் தெரு சுத்து வட்டாரத்தைத் தாண்டி ஒட்ட மாட்டாங்க. கட்சி சுவர் விளம்பரத்துல ஒன்றியச் செயலாளர், கிளைச் செயலாளர்னு போட்டு ஊர்ப் பேரு கண்டிப்பா வரும். கோயில் திருவிழா போஸ்டரும் அப்படியே. ஒரு மூலையில பாதி கிழிஞ்ச போஸ்டர்ல "ஒன்றியம்"ங்கிற சொல்லுக்கு முன்னாடி நாலு எழுத்து தெரிஞ்சா போதும். கிராமம்னா மேல்நிலைத் தண்ணித் தொட்டியைப் பாருங்க, எத்தனை லிட்டர் பிடிக்கும், எந்த ஊராட்சி, எந்தத் திட்டம்னு எல்லாம் எழுதி வச்சிருப்பாங்க. அங்கன்வாடி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ரேஷன் கடை போர்டும் இதே வேலையைச் செய்யும்.

ரோடும் ரயிலும்

மைல்கல் தலையில மஞ்சள் பெயின்ட்னா தேசிய நெடுஞ்சாலை, பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை. கல்லுல ஊர்ப் பேரும் கிலோமீட்டரும் தெரிஞ்சா வேலை முடிஞ்ச மாதிரி, அந்த ஊர்ல இருந்து ரோட்டோட மேப்ல அளந்துக்கிட்டே வந்தா ஒன்னு ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இடம் வந்துடும். ரோடு நம்பரை வச்சுத் தேடுறப்ப மட்டும் கவனம். 2010ல தேசிய நெடுஞ்சாலை நம்பர் எல்லாத்தையும் மாத்திட்டாங்க, மதுரை வழியா கன்னியாகுமரி போற பழைய 7தான் இப்ப 44. பழைய படத்துல இருக்கிற நம்பரை இன்னைக்கு மேப்ல தேடுனா வேற எங்கயோ போய் நிப்பீங்க.

ரயில்வே ஸ்டேஷன்னா மஞ்சள் போர்டு. பேரு வெட்டுப்பட்டுப் போயிருந்தாலும் கீழ ஓரத்துல கடல் மட்டத்துல இருந்து எத்தனை மீட்டர் உயரம்னு எழுதியிருக்கும், அதைப் பிடிங்க. 2200 சொச்சம்னா ஊட்டி, 1700 சொச்சம்னா குன்னூர், ஒற்றை இலக்கம்னா கடற்கரைப் பக்கம். இன்ஜின் மேல ஈரோடு, அரக்கோணம்னு அதைப் பராமரிக்கிற ஷெட்டோட பேரு எழுதியிருக்கிறதைப் பார்த்து அந்த ஊர்னு நினைச்சுடாதீங்க, ஈரோடு இன்ஜின் வட இந்தியா வரைக்கும் போகும்.

வண்டி நம்பர் பிளேட்டும் நகர்ற சாமான்தான், ஆனா கூட்டத்தைப் பார்த்தா பேசும். ஒரு வண்டி டிஎன் 59ன்னா ஒன்னும் அர்த்தமில்லை, ஸ்டாண்டுல நிக்கிற பத்து பைக்ல ஏழு டிஎன் 58, 59ன்னா மதுரை. பைக், ஆட்டோ ரொம்ப தூரம் போகாது, டூரிஸ்ட் வேன், லாரி போகும், அதுக்கேத்த மாதிரி மதிப்பு குடுங்க. அரசு பஸ்ல எண்ணுக்கு முன்னாடி 'என்' (N)ங்கிற இங்கிலீஷ் எழுத்து வரும், டிஎன் 72 என் அப்படின்னு, அது திருநெல்வேலிக் கோட்டத்து பஸ், டிஎன் 74 என் நாகர்கோவில். அதை விட பஸ் முன்னாடி இருக்கிற வழித்தட போர்டு முக்கியம், எங்க இருந்து எங்க, எது வழின்னு இருக்கும். பஸ் நகரும், ஆனா அந்த ரோட்டை விட்டு நகராது. டவுன் பஸ்னா தேடுற இடம் இன்னும் சின்னதாயிடும். இந்த டிஎன் நம்பர் முறை 1989ல வந்தது, அதுக்கு முன்னாடி எம், டின்னு ஆரம்பிக்கிற மூணு எழுத்து நம்பர்தான்.

அஞ்சாவது: திசை கண்டுபிடிங்க

திசை தெரிஞ்சா நாலுல மூணு பங்கு இடத்தை ஒதுக்கிடலாம். கடல்ல சூரியன் உதிக்குதுன்னா கிழக்குக் கரை, மறையுதுன்னா மேற்குக் கரைன்னு சொல்லுவாங்க, சரிதான், ஆனா கன்னியாகுமரி, தனுஷ்கோடி மாதிரி மூணு பக்கமும் கடல் இருக்கிற இடத்துல இது செல்லாது.

நிழலை வச்சு திசை சொல்றதுல நம்ம ஊருக்குன்னு ஒரு பொறி இருக்கு. வெளிநாட்டுக்காரங்க எழுதுன வழிகாட்டி எல்லாத்துலயும் வட அரைக்கோளத்துல மத்தியான நிழல் வடக்க விழும்னு போட்டிருக்கும். நம்ம ஊர்ல வருஷத்துல நாலு மாசத்துக்கு அது தலைகீழ். ஏப்ரல் 10 வாக்குல கன்னியாகுமரியில, 24 வாக்குல சென்னையில மத்தியானம் சூரியன் நேரா தலைக்கு மேல வந்துடும், நிழலே இருக்காது, அதுக்கு அப்புறம் சூரியன் வடக்க போயிடும், நிழல் தெற்க விழும். ஆகஸ்ட் 18 வாக்குல சென்னையிலயும் செப்டம்பர் தொடக்கத்துல குமரியிலயும்தான் திரும்ப பழைய கணக்குக்கு வரும். கோடை லீவு டூர் படம் எல்லாம் இந்த நாலு மாசத்துக்குள்ளதான் வரும்ங்கிறதை மறக்காதீங்க.

நிழலோட நீளத்தை வச்சு எவ்வளவு வடக்கன்னும் சொல்லலாம். டிசம்பர் 21 உச்சி நேரத்துல ஒரு மீட்டர் கம்பு கன்னியாகுமரியில சுமார் 61 சென்டிமீட்டர் நிழல் போடும், சென்னையில 74, டெல்லியில 1 மீட்டர் 28. டெல்லியா சென்னையான்னு பிரிக்க இது போதும். சென்னையா காஞ்சிபுரமான்னு பிரிக்க உதவாது, தரை லேசா சரிஞ்சிருந்தாலே அந்த வித்தியாசம் காணாமப் போயிடும். கிழக்கு மேற்கு தெரியணும்னா சூரியன் உச்சிக்கு வர்ற நேரம். நம்ம கடிகாரம் 82.5 டிகிரி கோட்டுக்கு, அதாவது காக்கிநாடா பக்கம் போற கோட்டுக்கு வச்சது, ஒரு டிகிரி மேற்க போனா 4 நிமிஷம் லேட்டா உச்சி வரும், சராசரியா சென்னையில 12:09, கன்னியாகுமரியில 12:20, மும்பையில 12:38, கொல்கத்தாவுல 11:37. மாசத்தைப் பொறுத்து பதினாறு நிமிஷம் வரைக்கும் முன்ன பின்ன ஆகும், அதை கையால கணக்குப் போடாதீங்க, சன்கால்க் மாதிரி வெப்சைட்ல ஊர், தேதி, நேரம் குடுத்தா நிழல் எந்தப் பக்கம் எவ்வளவு நீளம்னு வரைஞ்சு காட்டிடும். எடுத்த நேரம் உறுதியா தெரிஞ்சா மட்டும் இதுல இறங்குங்க.

நிழல் இல்லாத மேகமூட்டப் படத்துக்கு மொட்டை மாடி டிஷ் ஆன்டெனா இருக்கே. தமிழ்நாட்டுல டிடிஹெச் டிஷ் எல்லாம் தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவுல, வானத்தை நல்லா அண்ணாந்து பார்த்த மாதிரி இருக்கும், சாட்டிலைட் எல்லாம் அந்தப் பக்கம்தான் நிக்குது. கோலாலம்பூர்ல ஆஸ்ட்ரோ டிஷ் மேற்குப் பக்கம் பார்க்கும். ஒரு தெருவுல பத்து டிஷ்ஷும் ஒரே பக்கம் பார்த்துக்கிட்டு நின்னா உங்களுக்கு ஒரு திசைகாட்டி கிடைச்சாச்சு. ஆரல்வாய்மொழி, உடுமலை, பல்லடம் பக்கத்துப் படத்துல கரன்ட் எடுக்கிற காத்தாடி இருந்தா அதுவும் உதவும், ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து வீசுறப்ப எல்லாக் காத்தாடியும் மேற்குப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்கும்.

ஆறாவது: நகராத பொருள் ரெண்டைக் கோர்க்கிறது

இதை ஒரு உதாரணத்தோட பார்ப்போம். கன்னியாகுமரி படம், குடும்பம் வரிசையா நிக்குது, பின்னாடி கடல், பாறை. விவேகானந்தர் மண்டபம் இருக்கு, அது 1970ல வந்தது. திருவள்ளுவர் சிலை இல்லை, அது 2000 ஜனவரி 1 அன்னைக்குத் திறந்தது, 90கள் முழுக்க வேலை நடந்துச்சு. அப்ப படம் 70களுக்கும் 90களோட தொடக்கத்துக்கும் நடுவுல. சிலையும் மண்டபமும் இருந்து நடுவுல கண்ணாடிப் பாலம் இல்லன்னா 2024 டிசம்பர் கடைசிக்கு முன்னாடி.

காலம் கிடைச்சுது, எங்க நின்னாங்க? மண்டபம் இருக்கிற பாறையும் சிலை நிக்கிற சின்னப் பாறையும் தனித்தனி, சிலை வர்றதுக்கு முன்னாடியும் அந்தப் பாறை அங்கதான் இருந்துச்சு. படகுத்துறைப் பக்கம் நின்னு பார்த்தா இடது பக்கம் மண்டபம், வலது பக்கம் சின்னப் பாறை, நடுவுல நல்ல இடைவெளி. கரையோரமா தெற்க, முக்கடல் சங்கமம் பக்கம் நடந்து வர வர அந்த இடைவெளி சுருங்கிக்கிட்டே வரும். படத்துல இருக்கிற இடைவெளி எவ்வளவோ, அந்த இடைவெளி தெரியிற இடம் கரையில ஒன்னுதான் இருக்கும். படத்துல ஒரு பாறையோட ஓரமும் இன்னொரு பாறையோட ஓரமும் ஒட்டித் தெரிஞ்சா, மேப்ல அந்த ரெண்டு ஓரத்தையும் தொடுற மாதிரி ஒரு கோடு போட்டு கரை வரைக்கும் நீட்டுங்க, அந்தக் கோட்டு மேலதான் கேமரா. பக்கத்துல கோயில் மதிலோ காந்தி மண்டபமோ இன்னொரு கோடு குடுத்துச்சுன்னா ரெண்டும் வெட்டுற புள்ளிதான் விடை.

தூரமும் கணக்குப் போடலாம். சிலையும் பீடமும் சேர்த்து 133 அடி, சுமார் 41 மீட்டர். 50 எம்எம் லென்ஸ்ல எடுத்த 35 எம்எம் நெகட்டிவ்ல சிலை 4 மில்லிமீட்டர் உயரம் இருக்குன்னு வச்சுக்கங்க, 41ஐ 50ஆல பெருக்கி 4ஆல வகுத்தா 512 மீட்டர். நெகட்டிவ்ல அளக்கணும், பிரிண்ட்ல அளந்தா ஸ்டூடியோக்காரர் ஓரத்தை வெட்டுனதும் பெருசாக்குனதும் கணக்கைக் கெடுத்துடும்.

இதே மாதிரி ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தேதி அடையாளம் இருக்கு. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 13 நிலை, 236 அடி, 1987ல முடிஞ்சது, அதுக்கு முன்னாடி மொட்டைக் கோபுரமா நின்னுச்சு. பாம்பன்ல ரயில் பாலம் 1914, ரோட்டுப் பாலம் 1988, புது தூக்குப் பாலம் 2025 ஏப்ரல். மெரினாவுல சிவப்பு வெள்ளை லைட்ஹவுஸ் 1977ல இருந்து. கோபுரத்துல இன்னொன்னு, தஞ்சாவூர்ல வாசல் கோபுரத்தை விட உள்ள இருக்கிற விமானம்தான் உயரம், மத்த பெரிய கோயில் பலதுலயும் அது தலைகீழ், அந்த உருவத்தை தூரத்துல இருந்தே பிடிச்சுடலாம்.

மலை இருந்தா விடவே விடாதீங்க. கூகுள் எர்த்தை கம்ப்யூட்டர்ல போட்டு, தரைமட்டத்துக்கு இறங்கி, மலையோட மேல்கோட்டைப் படத்தோட ஒப்பிடுங்க. மதுரை யானைமலை ஒரு பக்கம் இருந்து பார்த்தா படுத்த யானை, சுத்திப் போனா வெறும் நீளப் பாறை. எந்த உருவம் தெரியுதுங்கிறதே எந்தப் பக்கம் நின்னீங்கன்னு சொல்லிடும்.

மரத்தை வச்சு ரொம்ப ஆசைப்படாதீங்க. பனங்காடு தூத்துக்குடியா ராமநாதபுரமா யாழ்ப்பாணமான்னு மரம் சொல்லாது. பனையோட செம்மண் தேரி, அதாவது சிவப்பு மணல்மேடு இருந்தா திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் தேடிப் பார்க்கலாம். தேயிலைத் தோட்டம் இன்னும் மோசம், வால்பாறை, மூணாறு, குன்னூர், இலங்கையில ஹட்டன் எல்லாம் ஒன்னு போலத்தான் இருக்கும், அங்கயும் தமிழ் இங்கயும் தமிழ்.

தேடுற கருவிகள்

கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், பிங் மூணுலயும் போட்டுப் பாருங்க, ஒன்னு விட்டதை இன்னொன்னு பிடிக்கும். முழுப் படத்தைப் போடாதீங்க, ஆளுங்களை வெட்டிட்டு கட்டடத்தை மட்டும், கோபுரத்தை மட்டும் போடுங்க. முழுசா போட்டா பட்டுச்சேலை விளம்பரமா வந்து கொட்டும். ஏஐ சாட்கிட்டயும் கேக்கலாம், ஆனா ஊர்ப் பேரை மட்டும் வாங்கிட்டு வராதீங்க, எதைப் பார்த்து சொன்னேன்னு கேளுங்க, அது சொல்ற காரணம் படத்துல நிஜமா இருக்கான்னு நீங்க பாருங்க. இல்லாத போர்டைப் படிச்ச மாதிரி அடிச்சு விடும்.

ஸ்ட்ரீட் வியூ இந்தியாவுல 2022 ஜூலைலதான் சென்னையோட சேர்த்து பத்து ஊர்ல ஆரம்பிச்சுது, அதனால பழைய தேதிக்குப் பின்னாடி போய்ப் பார்க்கிற வசதி இங்க பெருசா இல்லை. இலங்கையில 2016ல இருந்தே இருக்கு. பழைய நிலத்தைப் பார்க்கணும்னா கூகுள் எர்த் ப்ரோவுல பழைய சாட்டிலைட் படத்துக்கான கடிகார பட்டன் இருக்கு, அதுல பின்னாடி இழுத்துட்டுப் போங்க, இப்ப ஃபிளாட்டா இருக்கிற இடத்துல ஏரி தெரிஞ்சா ஆச்சரியப்படாதீங்க. கூகுள் மேப்ல கோயில், மண்டபம், ஹோட்டலுக்கு ஜனங்க போட்டிருக்கிற படங்களும் ஸ்ட்ரீட் வியூவுக்கு ஈடு. முன்பின் தெரியாத ஆளோட வீட்டுப் படத்தை வச்சு இதெல்லாம் பண்ண வேண்டாம், அது பழக்கம் இல்லை, தொல்லை.

வீட்டுப் பெரியவங்ககிட்ட கேக்குறதும் ஒரு கருவிதான், ஆனா "இது எங்க எடுத்தது"ன்னு கேட்டா டக்குனு ஏதோ ஒரு ஊரைச் சொல்லிடுவாங்க, அப்புறம் அதுல இருந்து அசைய மாட்டாங்க. "பெரியம்மா, இந்த டூருக்கு பஸ்ல போனீங்களா ரயில்லயா, யாரோட கேமரா, ராத்திரி எங்க தங்குனீங்க"ன்னு கேளுங்க. பதிலைப் போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கங்க.

கடைசி வேலை: எழுதி வைக்கிறது

மேப்ல ஒரு பின் குத்துனா அது பத்து மீட்டர் துல்லியம்னு பாவனை காட்டும். உங்களுக்குத் தெரிஞ்சது "தேனி ரோட்டுல எங்கயோ"ன்னா பின் குத்தாதீங்க, ஊர், மாவட்டம்னு இருக்கிற கட்டத்துல மட்டும் எழுதுங்க. பின் குத்தியே ஆகணும்னா விளக்கக் கட்டத்துல எவ்வளவு தள்ளி இருக்கலாம்னும் எதை வச்சு சொல்றீங்கன்னும் சேர்த்துடுங்க, இப்படி: "உசிலம்பட்டி - தேனி ரோடு, 2 கிமீ முன்ன பின்ன, மைல்கல்லும் பஸ் போர்டும் பார்த்து." நீங்க ஊகிச்ச படங்களுக்கெல்லாம் ஊகம்னு ஒரு டேக் போட்டு வைங்க, ஜிபிஎஸ்ல வந்ததும் நீங்க போட்டதும் கலந்துடக் கூடாது. கூகுள் போட்டோஸ்ல இடம் சேர்த்தா அது அங்க மட்டும்தான் பதிவாகும், ஃபைலுக்குள்ள போகாது, அதனால டிஜிகேம் மாதிரி ஃபைலுக்குள்ளயே எழுதுற சாஃப்ட்வேர்ல பண்ணுங்க, அதுக்கு முன்னாடி மொத்தத்தையும் ஒரு காப்பி எடுத்துக்கங்க.

வீட்டு வாசல்ல எடுத்தது, குழந்தைங்க ஸ்கூல்ல எடுத்தது எல்லாம் வெளிய அனுப்புறப்ப இப்ப சேர்த்த இடத்தை எடுத்துட்டு அனுப்புங்க. ஐபோன்ல ஷேர் பண்ணும்போது மேல வர்ற ஆப்ஷன்ஸ்ல லொகேஷனை ஆஃப் பண்ணிடலாம். கம்ப்யூட்டர்னா காப்பியில மட்டும் நீக்குங்க, ஒரிஜினலைத் தொடாதீங்க.